வாசிக்காமல் போட்ட கட்டைவிரல்

மூன்று வருடங்களுக்கு முன், நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வட லண்டனில் என் மகள் படித்த பெண்கள் பள்ளிக்கூடம். மேல்மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரதி அதிபர், ஒரு பெண்மணி. மேசைக்கு அந்தப் பக்கம், கையில் பேனையோடு இருந்தார்.

கணக்கு ரீச்சர். அயர்லாந்தைச் சேர்ந்தவர். மகளின் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். ஜன்னலோரக் கதிரையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

மகளோடு விளையாடிய ஒரு பிள்ளையின் தாய். நைஜீரியப் பெண்மணி. ஆஸ்பத்திரியில் வேலை. நல்ல கோபத்தில் இருந்தார்.

என் மகள். அப்போது பதின்மூன்று வயது. எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவள்.

ஐந்தாவது ஆள் நான்.

அந்த அறையில் நான் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை. இரண்டு வசனம். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் மன்னார்ப் பக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு இடம்பெயர்வு, முகாம், கடைசியில் லண்டன். இங்கே இருபது வருடத்துக்கு மேல். எட்மண்டனில் வீடு. ஒரு வெயார் ஹவுசில் பெட்டி அடுக்கும் வேலை. காலை ஐந்து மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை. மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை.

தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷ் பேச்சு ஓரளவு விளங்கும். வாசிப்பு ஏலாது. தெருப் பெயர் வாசிப்பேன். பெட்டியில் ஒட்டியிருப்பதை வாசிப்பேன். நாலு வரி சேர்ந்து வந்தால் எழுத்தெல்லாம் ஒன்றாகிவிடும். இது எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. வேலைத்தலத்திலும் தெரியாது. கடிதம் வந்தால் மகள் வாசிப்பாள். விரலை வைத்துக் காட்டுவாள். நான் கையெழுத்துப் போடுவேன்.

மகள் எட்டாம் ஆண்டுக்குப் போனபோது ஒருநாள் முழங்கால் முழுக்கச் சேறோடு வந்தாள். கேலிக் உதைபந்தாட்டம் என்றாள். அயர்லாந்துக்காரருடைய விளையாட்டு. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். பிடித்துக்கொண்டு நாலு அடி ஓடலாம், அதற்குள் நிலத்தில் குத்தவேண்டும் அல்லது காலில் தட்டி எடுக்கவேண்டும். கோல் கம்பம் மேலே நீண்டு நிற்கும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குப் பிடித்துவிட்டது.

வேலைத்தலத்தில் என்னோடு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருக்கிறார். அவரிடம் சொன்னேன்.

"கையாலயும் அடிக்கலாம், காலாலயும் அடிக்கலாம் எண்டால் அது என்னடாப்பா விளையாட்டு? எங்கட சனம் கலியாண வீட்டில பந்திக்கு முந்துற மாதிரி இருக்கு" என்றார்.

"ஓம் அண்ணை, கிட்டத்தட்ட அதுதான்" என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்று தனியாக ஆசிரியர் கிடையாது. கணக்கு ரீச்சர்தான் தானாக ஆரம்பித்தார். சம்பளம் கணக்குப் படிப்பிக்கத்தான். இது அவருடைய சொந்த நேரம். கிழமையில் இரண்டு நாள் காலை ஏழேகாலுக்குப் பயிற்சி. எனக்கு லீவு கிடைத்த ஒருநாள் மகளைக் காரில் கொண்டுபோய் விட்டேன். தூறல். இன்னும் சரியாக விடியவில்லை. அந்த மனுசி தனியாக மைதானத்தில் நின்று கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காரின் பின்பெட்டி திறந்தபடி இருந்தது. அதற்குள் பந்துகள், சப்பாத்துகள், துவாய்கள். என்னைக் கண்டு கை காட்டினார். நானும் காட்டினேன். காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கினால் பேசவேண்டும்.

ஆட்டம் ஒழுங்குபண்ணுவது எவ்வளவு கரைச்சல் என்று மகள் சொல்லித்தான் தெரியும். இரண்டு பள்ளிக்கூடமும் ஒரே நாளில் ஓமென்று சொல்லவேண்டும். மைதானம் கிடைக்கவேண்டும். மினிவான் வேறு வகுப்புக்குப் போகாமல் இருக்கவேண்டும். மழை பெய்யக்கூடாது. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டும், ஆகவே பாடசாலை நேரத்தில்தான் போகவேண்டும். ரீச்சர் போனால் அவருடைய கணக்கு வகுப்பை வேறொருவர் பார்க்கவேண்டும்.

"சும்மா பார்க்க மாட்டினம் அப்பா. மிஸ் அந்த பீரியட் எல்லாம் திருப்பிக் குடுக்கோணும். அவையின்ர கிளாஸ மிஸ் பார்க்கோணும். லஞ்ச்கூட இல்லை அவவுக்கு" என்றாள் மகள்.

"பிறகு ஏன் செய்யிறா?"

"தெரியாது. செய்யிறா."

பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார். நாள், நேரம், இடம் எல்லாம் அதில்தான் வரும். மாறினால் அதிலும் மாறி வரும். மாறிக்கொண்டேதான் இருக்கும். நான் அந்தக் குழுவில் இருந்தேன். மனைவியின் போன் பழசு, அதில் வட்ஸ்அப் வேலை செய்யாது.

இப்போது என் பழக்கத்தைச் சொல்லவேண்டும். எந்தச் செய்தி வந்தாலும் நான் கட்டைவிரல் போடுவேன். கோவில் திருவிழா அறிவித்தல், ஊர்ச் சங்கக் கூட்டம், பிறந்தநாள், வேலைத்தலச் செய்தி, எல்லாவற்றுக்கும் அதே கட்டைவிரல். கண்டேன் என்ற அர்த்தம். மரியாதைக்கு ஒன்று. பேசாமல் இருந்தால் பெருமை பிடித்தவன் என்பார்கள். ஒருமுறை எங்கள் மாதாகோவில் பங்குக் குழுவில் மரண அறிவித்தல் வந்தது. ஒரு நீண்ட இங்கிலீஷ் செய்தி. அதற்கும் போட்டுவிட்டேன்.

அடுத்தநாள் அண்ணை கேட்டார்: "டேய், மனிசன் மோசம் போனதுக்கு உனக்கு ஓகேயோ? நல்லது எண்டு விரலைக் காட்டுறாய்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விரல் தவறிப் பட்டுவிட்டது என்றேன். அன்றைக்காவது திருந்தியிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

அந்த வருட ஆரம்பத்தில் ஒரு படிவம் வந்தது. தேவை வந்தால் பிள்ளைகளைக் காரில் ஏற்றிப்போகச் சம்மதமா என்று. மகள் வாசித்துச் சொன்னாள். ஓம் என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை போயும் இருக்கிறேன். இரண்டு தடவையும் மகள் முதல்நாளே வீட்டில் சொல்லிவிட்டாள், ஆகவே பிழை வரவில்லை. இரண்டாம் முறை மனைவி உறைப்பான ரோல்ஸ் பொரித்துத் தந்துவிட்டார். ரீச்சர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர "லவ்லி, லவ்லி" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். "தாங்க் யூ" என்றார். "வெல்கம்" என்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த நீண்ட பேச்சு அதுதான்.

அந்த அணி இறுதியாட்டத்துக்கு வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குமுன் எந்த அணியும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை என்றார்கள். மைதானத்தில் தண்ணீர் நின்றது. அடுத்த கிழமை என்றார்கள். மற்றப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. மூன்றாவது நாளும் ஏதோ காரணத்தால் தவறியது. நாலாவதாக ஒரு வியாழக்கிழமை பிடித்தார்கள். மகள் அந்த நாளைச் சமையலறைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள்.

"மினிவான் இருக்குது அப்பா. நீங்க வரத் தேவையில்லை. நித்திரை கொள்ளுங்கோ" என்று புதன்கிழமை இரவு சொன்னாள்.

வியாழக்கிழமை பத்தரைக்கு எனக்கு பிரேக். வேலைத்தலத்தில் போனை லொக்கரில் வைக்கவேண்டும், பிரேக்கில்தான் எடுக்கலாம். எடுத்துப் பார்த்தேன். அந்தக் குழுவில் ஒரு செய்தி. ஐந்தாறு வரி. நீளமாக இருந்தது. இறுதியாட்டம் என்றபடியால் வாழ்த்தாக இருக்கும் என்று நினைத்தேன். கட்டைவிரல் போட்டேன். தேத்தண்ணி குடித்தேன். போனை உள்ளே வைத்துவிட்டுப் போனேன்.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ஜக்கெட்டைக் கதவில் கொழுவினேன். போன் அதற்குள். சத்தம் நிறுத்தியபடி. படுத்துவிட்டேன்.

நாலு மணிக்குக் கதவு திறக்கும் சத்தம். மகள் விளையாட்டு உடுப்போடு நின்றாள். உடுப்பில் சேறு இல்லை.

"வெண்டாச்சோ?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழுது முடித்த முகம். "நீங்க ஏன் வரேல்லை?" என்றாள்.

முழு விபரமும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மினிவான் அன்று காலை பழுதாகியிருக்கிறது. ரீச்சர் அதைத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு கார் வேண்டும் என்று. இரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். அந்த நைஜீரியத் தாய். அடுத்தது நான்.

அந்தத் தாய் அரைநாள் லீவு போட்டு ஓடி வந்திருக்கிறார். ரீச்சரின் காரில் நாலு பிள்ளைகள். அவருடைய காரில் நாலு பிள்ளைகள். எட்டுப் பேர். எனக்காக வாசலில் நின்றது நாலு பேர். பதினொரு பேர் இறங்கவேண்டிய ஆட்டம். ஒன்பது பேருக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. ஆகவே எட்டுப் பேரோடு போயும் பயனில்லை. ஒன்றரையிலிருந்து எல்லோரும் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ரீச்சர் எனக்கு ஏழு தடவை போன் எடுத்திருக்கிறார். மனைவியின் வேலைத்தலத்துக்கும் எடுத்திருக்கிறார். அங்கேயும் ஒருவரும் தூக்கவில்லை. பிறகு டாக்சிக்குச் சொல்லி, அது வர இரண்டே கால். லண்டனுக்கு அந்தப் பக்கம், மேற்கே, ஒரு மணித்தியால ஓட்டம். மைதானம் மூன்றரை வரைதான் கிடைத்திருந்தது, ஆகவே போகவேயில்லை. மற்றப் பள்ளிக்கூடம் காத்திருந்து பார்த்துவிட்டு, வெற்றி தங்களுக்கு என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

மகள் அந்த நாலு பேரில் ஒருத்தி.

"ஆரோ உங்களுக்கு மெசேஜ வாசிச்சுச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன். அப்பா வந்திடுவார் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே நிண்டனான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேலே போய்விட்டாள்.

அடுத்தநாள் அந்தக் கூட்டம். நைஜீரியத் தாய் வியாழன் மாலையே அதிபருக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டார். அவர்மேல் பிழை சொல்லமாட்டேன். லீவு போட்டு வந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் குளிரில் தெருவில் நின்றார்கள், பாடமும் போய், ஆட்டமும் போய்விட்டது.

பிரதி அதிபர் முறைப்பாட்டில் எழுதியிருந்த அந்தச் செய்தியை வாசித்தார். மகள் எனக்குத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னாள். அன்றுதான் அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மினிவான் பழுது. இரண்டு கார் வேண்டும். ஒன்றரைக்கு வாசலில். கட்டாயம் வரக்கூடியவர்கள் மட்டும் கட்டைவிரல் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நான் இப்போதே மற்றப் பள்ளிக்கூடத்தோடு பேசி ஆட்டத்தை வேறு நாளுக்கு மாற்றுகிறேன்.

நான் அந்த விரலைப் போடாமல் இருந்திருந்தாலே போதும். ஆட்டம் இன்னொரு நாள் நடந்திருக்கும்.

பிரதி அதிபர் என்னைப் பார்த்துக் கேட்டார். மெதுவாக, நல்ல மாதிரித்தான் கேட்டார். உங்களுக்கு இந்தச் செய்தி வந்ததா என்று. அது எனக்கு நேராகவே விளங்கியது.

நைஜீரியத் தாய் என் பக்கம் திரும்பினார். ரீச்சரும் பார்த்தார். அவருடைய போன் அவர் கையில் இருந்தது.

ஓம் வந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது. இதுதான் பதில். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் நாற்பத்தெட்டு வயது மனிதன். அந்த மூன்று பெண்களும் படித்தவர்கள். மகள் பக்கத்தில் இருக்கிறாள். நான் அதைச் சொல்ல, அவளே இங்கிலீஷில் திருப்பிச் சொல்லவேண்டும்.

"போன் பழுது எண்டு சொல்லு. மெசேஜ் ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லு" என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். போன் என் சேர்ட் பையில் இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன்தான் காரில் அதில் மாமியோடு பேசிக்கொண்டு வந்தேன். அவள் பக்கத்தில் இருந்தவள்.

"அப்பா" என்றாள்.

"சொல்லு."

சொன்னாள். நான் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னாள். குரல் மட்டும் சின்னதாக இருந்தது.

நைஜீரியத் தாய் உடனே ரீச்சரிடம் திரும்பினார். செய்தி போய்ச் சேர்ந்ததா என்றுகூடப் பார்க்காமல் எப்படிப் பன்னிரண்டு பிள்ளைகளை வாசலில் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. பிரதி அதிபரும் ரீச்சரைப் பார்த்தார்.

ரீச்சர் தன் போனை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவளைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

தன்னுடைய பிழைதான் என்றார். காலையிலேயே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து உறுதிப்படுத்தியிருக்கவேண்டும் என்றார். மன்னிக்கவேண்டும் என்று அந்தத் தாயிடம் கேட்டார். பிறகு என்னிடமும் கேட்டார்.

என்னிடமும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பரவாயில்லை என்கிற மாதிரி.

பிரதி அதிபர் எழுதிக்கொண்டார்.

கீழே வந்து காரில் ஏறினோம். நான் காரின் திறப்பைத் துவாரத்தில் போட்டேன். மகள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸுக்குத் தெரியும் அப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தம்ஸ்அப் போட்டா யார் போட்டது எண்டு பேர் காட்டும். அவவின்ர போன்ல உங்கட பேர் இருக்கு. மற்ற அன்ரி அதைப் பார்க்கேல்லைப் போல."

எனக்கு அது தெரியாது. சும்மா ஒரு விரல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"பிறகேன் அவ சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது அப்பா. நீங்க போய்க் கேளுங்கோ."

காரின் கதவுப் பிடியில் கை வைத்தேன். மேல்மாடி அறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. ரீச்சர் இன்னும் அங்கேதான். ஏறிப் போக ஐந்து நிமிடம். கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் இரவு சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "திங்கக்கிழமை போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. வாசிக்கத் தெரியாட்டிக் கொலையே?" என்றார்.

திங்கட்கிழமை போகவில்லை. வேலை முடிந்து களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழமையும் போகவில்லை. போகாத ஒவ்வொரு நாளும், அடுத்தநாள் போவது இன்னும் கஷ்டமாகியது.

இரண்டு கிழமையில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மகள் வாசித்தாள். இனி அந்த வருடம் பாடசாலை நேரத்தில் வெளி ஆட்டங்களுக்கு அனுமதி இல்லை. சனிக்கிழமைகளில் விளையாடலாம்.

சனிக்கிழமை மற்றப் பள்ளிக்கூடங்கள் வரமாட்டா. அங்கேயும் ரீச்சர்மாருக்கு வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ரீச்சர் பலரிடம் கேட்டுக் கேட்டு ஒரேயொரு சனிக்கிழமை பிடித்தார். அன்று வந்த பிள்ளைகள் ஆறு பேர். ஒருத்திக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒருத்திக்குக் கோவில் பாட்டுப் பயிற்சி, ஒருத்தி தம்பியைப் பார்க்கவேண்டும். காரில் நான்தான் மகளைக் கொண்டுபோனேன். அரை மணித்தியாலத்துக்கு முன்பே போய் நின்றேன். ரீச்சர் ஆறு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பந்து எறிந்து பிடிக்க வைத்தார். எதிரணிப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடினார்கள். ஆட்டம் என்று அதை எழுதவில்லை.

அன்று நான் காரைவிட்டு இறங்கினேன். அவர் கூம்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் நாலைந்து எடுத்துக் கொடுத்தேன். "மிஸ்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லட்டும் என்று காத்திருந்தார். நல்லாகத் தெரிந்தது, அவர் காத்திருக்கிறார் என்று.

"கோல்ட் டுடே" என்றேன்.

"ஓம், நல்ல குளிர்தான்" என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சிரித்தார். கூம்புகளை வாங்கிக்கொண்டார்.

அந்த வருடக் கோடை விடுமுறைக்குமுன் அவர் வேலையை விட்டுப் போனார். அயர்லாந்துக்கே போய்விட்டார் என்றாள் மகள். தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டாளாம். உங்களால் இல்லை என்றார் மனைவி. இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. பந்துகளை ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

மகள் அதற்குப் பிறகு எந்த விளையாட்டுக்கும் பெயர் கொடுக்கவில்லை. என்னோடு கோபம் இல்லை. சாப்பாடு போட்டுத் தருவாள், பேசுவாள், சிரிப்பாள். ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் கடிதம் வந்தால் அவளே உடைத்து வாசிப்பாள். அதற்குப் பிறகு என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். நான் கூப்பிட்டால்தான் வருவாள். வந்து வாசித்துவிட்டு, "என்ன பதில் சொல்லோணும்?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பாள். நான் கூப்பிடுவதை நிறுத்தினேன்.

லைப்ரரியில் சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு வாசிப்பு வகுப்பு இருக்கிறது. இலவசம். போன வருடம் போய்ச் சேர்ந்தேன். முதல்நாள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அடுத்த கிழமை உள்ளே போனேன். துருக்கிக்காரர், சோமாலியர், இங்கேயே பிறந்த ஒரு வெள்ளைக்கார முதியவர், எல்லோரும் இருந்தார்கள். அந்த முதியவருக்கும் வாசிக்கத் தெரியாது. பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். நானும் அன்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு பக்கத்தை மெதுவாக வாசிப்பேன். போன மாதம், லீவு நாளில், அந்தக் குழுவைத் திறந்தேன். யாரும் அதை அழிக்கவில்லை. கடைசி வரியில் ரீச்சர் வெளியேறினார் என்று இருந்தது. மேலே போய், முதல் செய்தியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். நாலு நாள் எடுத்தது.

நாளை மழை, மேலதிகக் காலுறை கொடுத்துவிடுங்கள் என்று ஒன்று. சப்பாத்து இல்லாத பிள்ளை வெட்கப்பட வேண்டாம், என் காரில் எல்லா அளவிலும் இருக்கிறது என்று ஒன்று. செவ்வாய் ஆட்டம் வியாழனுக்கு மாறியிருக்கிறது, உங்கள் வேலை நேரம் கஷ்டம் என்று எனக்கு விளங்கும், ஏலாவிட்டால் ஏலாது என்று சொல்லுங்கள், நான் வேறு வழி பார்க்கிறேன் என்று ஒன்று.

ஒரு செய்தியில் மகளின் பெயர் இருந்தது. இன்று இவள் தனியாக நின்று இரண்டு கோலைத் தடுத்தாள், ஒரு சொல்லும் பேசாமல் விளையாடுகிற பிள்ளை, வீட்டில் கட்டாயம் பாராட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் கட்டைவிரல். அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பாராட்டியிருக்க மாட்டேன். எனக்குத்தான் தெரியாதே.

மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். நானே இங்கிலீஷில் வாசித்தேன். இரண்டு இடத்தில் தடக்கியது. அவள் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு நான் சொல்லவேண்டியதைச் சொல்லேல்லை பிள்ளை. உன்னைக் கொண்டு பொய் சொல்லுவிச்சுப்போட்டன்" என்றேன்.

"தெரியும் அப்பா" என்றாள். பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு படிக்கப் போனாள்.

ரீச்சரின் பழைய நம்பருக்கு ஒரு செய்தி எழுதினேன். ஒருவரையும் கேட்காமல் நானே எழுதினேன். அன்று எனக்குச் செய்தி வந்தது, வாசிக்கத் தெரியவில்லை, பொய் சொன்னேன், மன்னியுங்கள். செய்திக்குப் பக்கத்தில் ஒரு சரிக்கோடுதான் விழுந்தது, போய்ச் சேர்ந்தால் இரண்டு விழும். இரண்டாவது கோடு இன்றுவரை விழவில்லை. நம்பரை மாற்றியிருப்பார்.

செய்திகளுக்கு மேலே நாள் போட்டிருக்கும். வாசிக்கும்போதுதான் கவனித்தேன். பாடசாலை இல்லாத நாளில், கோவிலுக்குப் போய் வந்து, சமைத்துச் சாப்பிட்டு ஆறவேண்டிய நாளில், அந்த மனுசி இருந்து எங்களுக்காக நாளும் நேரமும் பார்த்து எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் தன்னுடைய ஓய்வை எடுத்து எனக்கு எழுதியதை, வாசிக்காமலே கண்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்றும் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பியவற்றை மட்டும் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு.